கார் மாறியது, ரோடு மாறவில்லை

அரியலூரில் செந்துறை ரோட்டில் ஒரு டீக்கடை. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த சிமெண்டு ஆலைத் தொழிலாளிகள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் இருந்தேன். ஒரு சின்னக் கார் வந்து நின்றது. இறங்கியவர் சுண்ணாம்புக்கல் லாரி காண்டிராக்டர். அவருக்குச் சொந்தமாக ஏழெட்டு லாரிகள் ஓடுகின்றன. போன மாதம் வரை அவர் வந்துகொண்டிருந்தது வேறொரு காரில். தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் வசதியாக உட்காரலாம். அது வரும் சத்தம் அரை மைல் தூரத்திலேயே கேட்கும்.

“என்னங்க முதலாளி, வண்டி மாறிப்போச்சு?” என்று டீ மாஸ்டர் கேட்டார்.

“அதை ஏம்ப்பா கேக்குற! அந்த வண்டி பார்க்கத்தான் லட்சணம். இந்த ரோட்டுல ஓட்ட முடியுமா? பள்ளத்துல இறங்கினா அடிவயிறு தட்டுது. ஒரே வருஷத்துல ரெண்டு தடவை அடியில உடைஞ்சு ஆயில் கொட்டிப்போச்சு. அதுக்கு ஒரு டயர் வாங்குற காசுல இதுக்கு நாலு டயரும் போட்டுரலாம். அதைக் குடுத்துட்டு இதை எடுத்தேன். மிச்சக் காசும் கைக்கு வந்துச்சு. மனுஷன் சிக்கனமா இருக்கணும்ப்பா!”

சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசியோடு நின்ற ஒரு தொழிலாளி மெதுவாகக் கேட்டார்: “நல்ல காரியந்தாங்க முதலாளி. ஆனா, இந்த ரோட்டைக் கெடுத்தது எந்த வண்டிங்க?”

காண்டிராக்டர் சிரித்துக்கொண்டே டீக்காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பதில் சொல்லவில்லை. அவர் சொல்லாத பதிலை நாம்தான் சொல்லவேண்டும்.

அவர் செய்தது சரிதான்

முதலில் ஒரு விஷயம். காண்டிராக்டர் செய்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. புத்திசாலித்தனமான காரியம்தான். பறக்கிற கார் ஒரு லிட்டர் பெட்ரோலில் எட்டு, பத்து கிலோமீட்டர் போனால் அதிகம். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்னக் கார், ஹாட்ச்பேக் என்கிறார்கள், அதே லிட்டரில் இருபது கிலோமீட்டர் போகிறது. நாலு பேர் உட்காரலாம். பின்சீட்டை மடக்கினால் இரண்டு மூட்டை நெல்லும் ஏற்றலாம். ரிப்பேர் என்றால் ஜெயங்கொண்டத்து மெக்கானிக்கே பார்த்துவிடுவார். நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. எண்ணெயை வீணாக்காத வண்டி நாட்டுக்கும் நல்லதுதான்.

சின்னக் கார் எல்லாமே பணக்காரன் விளையாட்டு என்றும் நாம் சொல்லமாட்டோம். பழைய சின்னக் கார் ஒன்றைக் கடன் வாங்கி எடுத்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் டிரைவருக்கு அது ஆடம்பரமல்ல. தச்சனுக்கு உளி எப்படியோ, அப்படி. பிரசவ வலி கண்ட பெண்ணை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவனும் அவன்தான்.

நம் கேள்வி வேறு. ரோடு கெட்டால் காண்டிராக்டர் காரை மாற்றிக்கொள்கிறார். அதே ரோட்டில் சைக்கிளில் ஷிப்டுக்குப் போகிறவன் எதை மாற்றிக்கொள்வான்? களைவெட்டி முடிந்து தலையில் புல்லுக்கட்டோடு ஓரத்தில் நடக்கும் பெண் எதை மாற்றிக்கொள்வாள்?

ரோட்டைத் தின்றது யார்?

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன செல்வம்தான் சுண்ணாம்புக்கல். அதை நம்பி அண்டையிலுள்ள டால்மியாபுரத்தில் 1939-லேயே சிமெண்டு ஆலை வந்தது. அரியலூரில் சர்க்காரின் சிமெண்டு ஆலை 1979-ல் வந்தது. பிறகு தனியார் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. இன்று தமிழ்நாட்டில் சிமெண்டு என்றால் அரியலூர் என்று சொல்லும் நிலைமை. ஊருக்கு ஊர் மாடி வீடுகளும் பாலங்களும் எழுகின்றன. அவற்றுக்குள் நம் ஊர்க் கல் இருக்கிறது, நம் ஜனங்களின் வேர்வை இருக்கிறது.

ஆனால் அந்தக் கல் சுரங்கத்திலிருந்து ஆலைக்குப் பறந்து போவதில்லை. லாரியில் போகிறது. ராத்திரி பகலாகப் போகிறது. கிராமத்து ஜனங்கள் நடப்பதற்கும் மாட்டுவண்டி போவதற்கும் போட்ட ரோட்டில் டன் கணக்கில் கல் ஏற்றிய லாரிகள் போகின்றன. எத்தனை நடை அடித்தாயோ அத்தனை நடைக்குப் பணம் என்பது கணக்கு. ஆகவே டிரைவர் வேகமாக ஓட்டுகிறான், தூக்கம் இல்லாமல் ஓட்டுகிறான். குற்றவாளி அவனல்ல. அவனும் கூலிக்காரன். நடைக்கூலி என்ற சாட்டை அவன் முதுகில் விழுகிறது. அவன் அடிக்கும் ஒவ்வொரு நடையிலும் கம்பெனிக்கு லாபம், காண்டிராக்டருக்குக் கமிஷன், ரோட்டுக்குப் பள்ளம்.

அந்தப் பள்ளத்தில்தான் சிவப்புக் காரின் அடிவயிறு தட்டியது! தன் லாரி தோண்டிய குழியில் தன் காரே விழுந்தது. காருக்கு வந்த கஷ்டத்தை அவர் ஒரே மாதத்தில் தீர்த்துக்கொண்டார். ஜனங்களுக்கு வந்த கஷ்டம் பல வருஷங்களாக அப்படியே கிடக்கிறது.

1956 நவம்பர் 23-ஆம் தேதியை அரியலூர் ஜனங்கள் மறந்திருக்கமாட்டார்கள். மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பழுதாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். ஒரே நாளில் செத்தால் நாடு திரும்பிப் பார்க்கிறது. ஒருவர் ஒருவராக, மாதா மாதம், சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்தால்? கிராம ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்கிறார்கள். அதிகாரிகள் வந்து சமாதானம் பேசுகிறார்கள். மறுநாள் லாரி ஓடுகிறது. யாரும் பொறுப்பேற்பதில்லை.

“ஏழையின் கார்” என்ற பழைய கதை

ஆடம்பரக் கார் வேண்டாம், மலிவான சின்னக் கார் போதும், அது வந்தால் சாமானியனும் ஏறிப் போகலாம் என்ற பேச்சு இன்று நேற்றுப் பிறந்ததல்ல. 1959-ல் எல்.கே. ஜா தலைமையில் சர்க்கார் ஒரு கமிட்டி போட்டு மோட்டார்த் தொழிலை ஆராய்ந்தது. மலிவான கார் பற்றிய யோசனை அப்போதே எழுந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இருந்த காலம் அது. பஸ்ஸும் லாரியும் முதலில், கார் பிறகு என்ற வாதம் அன்று ஜெயித்தது. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது.

1971-ல் பிரதம மந்திரியின் மகன் சஞ்சய் காந்தி மக்கள் கார் செய்யப்போகிறேன் என்று மாருதி கம்பெனியைத் தொடங்கினார். நிலம் கிடைத்தது, சலுகைகள் கிடைத்தன, கார்தான் ஜனங்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு சர்க்காரே கம்பெனியை எடுத்துக்கொண்டு, ஜப்பானிய சுசுகியோடு சேர்ந்து 1983 டிசம்பரில் மாருதி 800 காரைக் கொண்டுவந்தது. விலை சுமார் 48 ஆயிரம் ரூபாய். நல்ல கார்தான், சந்தேகமில்லை. வாங்கியவர்கள் யார்? நிலச்சுவான்தார், வியாபாரி, டாக்டர், பெரிய உத்தியோகஸ்தர். கரும்பு வெட்டுகிறவன் வாங்கவில்லை. பொதுப்பணத்தில் காலூன்றிய அந்தக் கம்பெனியில் சர்க்கார் தன் கடைசிப் பங்கையும் 2007-ல் விற்றுவிட்டது.

அடுத்து 2008 ஜனவரியில் டாட்டா கம்பெனி நானோ காரைக் காட்டியது. ஒரு லட்ச ரூபாய்க் கார்! உலகமே வியந்தது. அந்தக் காருக்காக மேற்கு வங்காளத்தில் சிங்கூரில் 997 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. அங்கே ஆட்சியிலிருந்தது இடது முன்னணி. இதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. விவசாயியின் சம்மதமில்லாமல் நிலத்தை எடுத்தால் எடுக்கிறவன் எந்தக் கொடி பிடித்தாலும் விளைவு ஒன்றுதான் என்பது நாம் விலை கொடுத்துக் கற்ற பாடம். 2008 அக்டோபரில் கம்பெனி குஜராத்துக்குப் போயிற்று. 2016 ஆகஸ்டில் அந்த நில எடுப்பைச் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்து, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. காரும் நிலைக்கவில்லை. ஏழையால் அதை வாங்க முடியவில்லை. வாங்க முடிந்தவனுக்கோ “ஏழையின் கார்” என்ற பெயர் பிடிக்கவில்லை. 2018-ல் அதன் உற்பத்தி ஓய்ந்தது.

மூன்று கதைக்கும் பாடம் ஒன்றே. காரின் விலையைக் குறைத்துக் காட்டுகிறார்கள். உழைப்பவன் கூலியை உயர்த்த மறுக்கிறார்கள்.

கூட்டிக் கழித்துப் பார்ப்போம்

2025 செப்டம்பர் 22 முதல் மத்திய சர்க்கார் ஜி.எஸ்.டி. வரியை மாற்றியது. சின்னப் பெட்ரோல் காருக்கு அதற்கு முன்பு 28 சதவீத வரியும் 1 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 29. அது 18 ஆயிற்று. பெரிய எஸ்.யு.வி. வண்டிகளுக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம் வரை இருந்தது. அது 40 ஆயிற்று. “சாமானியனுக்குத் தீபாவளிப் பரிசு” என்று கொட்டி முழக்கினார்கள்.

நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரியில்லாமல் 3 லட்ச ரூபாய் மதிப்புள்ள சின்னக் காருக்கு 11 சதவீதம் குறைந்தால் மிச்சம் 33 ஆயிரம். வரியில்லாமல் 60 லட்ச ரூபாய் மதிப்புள்ள பெரிய வண்டிக்கு 10 சதவீதம் குறைந்தால் மிச்சம் 6 லட்சம்! யாருக்குப் பரிசு? சின்னக் காருக்கு மாறிய சிக்கனக்காரருக்குக் கிடைத்தது 33 ஆயிரம். மாறாமல் ஆடம்பர வண்டியே வாங்குகிறவருக்கு 6 லட்சம்.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அறிவித்த கூலி முழுதாகக் கைக்கு வருகிறதா என்பது உங்களுக்கே தெரியும். வந்ததாகவே வைத்துக்கொள்வோம். வரி குறைந்த பிறகும் 2025-ல் நாட்டின் மலிவான சின்னக் கார்களில் ஒன்றின் விலை சுமார் 3 லட்சத்து 70 ஆயிரமாக இருந்தது. அதை வாங்க 1,100 நாள் வேலை செய்யவேண்டும். வருஷத்துக்கு நூறு நாள் கிடைத்தால் பதினொரு வருஷம். அந்தப் பதினொரு வருஷமும் சாப்பிடக்கூடாது, துணி உடுத்தக்கூடாது, பிள்ளைக்கு ஜுரம் வரக்கூடாது. பெரிய வண்டிக்காரருக்கு ஒரே கையெழுத்தில் மிச்சமான 6 லட்சமோ, அதே கூலிக் கணக்கில் ஏறக்குறைய பதினெட்டு வருஷ உழைப்பு.

இதனால்தான் நாட்டில் நூறு வீட்டுக்கு ஏறக்குறைய எட்டு வீட்டில்தான் கார் இருக்கிறது என்று 2019-21-ல் சர்க்கார் எடுத்த குடும்பநலக் கணக்கே சொல்கிறது. 2024-ல் விற்ற கார்களிலும் பாதிக்கு மேல் எஸ்.யு.வி. வகை வண்டிகள்தான். மேலே உள்ளவனிடம் பணம் குவிகிறது. ஆகவே பெரிய வண்டி விற்கிறது. நடுவிலுள்ளவன் கை வறண்டுபோகிறது. ஆகவே சின்ன வண்டி தேங்குகிறது. கார்க் கடையின் வாசலில் நின்றாலே நாட்டின் வர்க்க நிலைமை தெரிந்துவிடும்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே வரி மாற்றத்தில் பஸ்ஸுக்கும் சிமெண்டுக்கும் 28 சதவீதம் 18 ஆயிற்று. சைக்கிளுக்கு 12 சதவீதம் 5 ஆயிற்று. வேண்டிய காரியம்தான். ஆனால் சிமெண்டு மூட்டையில் குறைந்த வரி குடிசையை வீடாக்க நினைக்கும் விவசாயத் தொழிலாளிக்கு வந்து சேர்கிறதா, நடுவில் விலையை ஏற்றிக் கம்பெனியே விழுங்கிவிடுகிறதா என்பதைக் கண்காணிக்க வேண்டியது யார்? சர்க்கார்தான்.

காரைச் செய்கிறவன் எங்கே?

சின்னக் கார் மலிவாக வருவது எப்படி? இயந்திரத்தின் திறமை ஒரு பங்கு. தொழிலாளியைப் பிழிவது இன்னொரு பங்கு. மானேசரில் மாருதித் தொழிலாளிகள் 2011-ல் சொந்தச் சங்கம் வேண்டும் என்று மாதக்கணக்கில் போராடினார்கள். 2012 ஜூலையில் நடந்த கலவரத்தில் ஓர் அதிகாரி இறந்தார். அது துயரமான சம்பவம். அதைச் சாக்காக வைத்து நூற்றுக்கணக்கான தொழிலாளிகளை வேலையிலிருந்து விரட்டினார்கள். 2017-ல் பதின்மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நம் மறைமலைநகரில் போர்டு கம்பெனி ஹாட்ச்பேக் கார்களும் செய்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. 2022-ல் அங்கே உற்பத்தி நின்றது. கார் மாடலை மாற்றுவதுபோலத் தொழிலாளியையும் கழற்றிப் போட்டார்கள்.

இது தூரத்துக் கதையல்ல. பெரம்பலூர் பக்கம் நாரணமங்கலத்தில் டயர் ஆலை இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே ரப்பர் சூட்டில் நிற்கிறார்கள். அவர்கள் செய்யும் டயர் ஊர் ஊராக ஓடுகிறது. செய்கிறவன் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான். திருமாந்துறைச் சுங்கச்சாவடியைப் பாருங்கள். பெரிய காரோ சின்னக் காரோ நிற்காமல் போக பாஸ்டேக் வந்தது. அங்கே ரசீது கிழித்த தொழிலாளிகளுக்கு ஆட்குறைப்பு வந்தது. 2022-ல் அவர்கள் போராட்டத்தில் இறங்க நேர்ந்தது.

நம்முடைய வண்டி எது?

அப்படியானால் உழைப்பாளி ஜனங்களுக்கு ஏற்ற சிக்கனமான, உபயோகமான வண்டி எது? பஸ்தான். ஒரு பஸ்ஸில் ஐம்பது, அறுபது பேர் போகிறார்கள். அத்தனை பேரும் காரில் போனால், அது சின்னக் காராகவே இருந்தாலும், பதினைந்து கார் வேண்டும். எண்ணெய்க்கும் நல்லது, ரோட்டுக்கும் நல்லது, பைக்கும் நல்லது.

தமிழ்நாட்டில் 1970-களின் தொடக்கத்தில் தனியார் பஸ் முதலாளிகளின் தடங்கள் தேசவுடைமையாக்கப்பட்டதால்தான் லாபம் வராத கிராமத்துக்கும் பஸ் போயிற்று. 2021 மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நடவுக்கும் களைக்கும் பக்கத்து ஊர் போகும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு அது எத்தனை பெரிய உதவி என்பதை அவளைக் கேட்டால் சொல்லுவாள். கூலியில் பஸ்ஸுக்குப் போகாத பணம் அரிசியாகிறது. இதை வரவேற்கிறோம். ஆனால் டிக்கெட் இலவசமானால் போதுமா? பஸ் வரவேண்டாமா? ராத்திரி ஷிப்டுக்கு ஏற்ற பஸ் இல்லை. பழைய பஸ் நடுவழியில் நிற்கிறது. பஸ்ஸை ஓட்டுகிற தொழிலாளிக்கும் ஓய்வுபெற்றவருக்கும் சேரவேண்டிய பாக்கிக்காக அவர்கள் 2024 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்யவேண்டி வந்தது. பஸ்ஸைப் பட்டினி போட்டுவிட்டு, “ஜனங்கள் ஏன் கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள்?” என்று கேட்பது வேடிக்கை.

ரயிலைப் பாருங்கள். அரியலூருக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள பெரம்பலூர் ஒரு மாவட்டத்தின் தலைநகரம். அதற்கு இன்றும் ரயில் இல்லை. அரியலூர், பெரம்பலூர், துறையூர், நாமக்கல் வழியாக ரயில் பாதை வேண்டும் என்று ஜனங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற சீமை அது. ரயில் வந்தால் சரக்கும் போகும், ஆளும் போவான்.

என்ன செய்யவேண்டும்?

கோரிக்கைகள் சிக்கலானவை அல்ல. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குக் கம்பெனிகளின் செலவிலேயே தனி ரோடு போடவேண்டும். பள்ளிக்கூட நேரத்தில் ஊருக்குள் லாரி போகக்கூடாது. நடைக்கூலியை ஒழித்து, டிரைவருக்கு மாதச் சம்பளமும் எட்டு மணி நேர வேலையும் கொடுக்கவேண்டும். கனிமத்திலிருந்து வரும் பணம் முதலில் அந்தக் கனிமம் கிடைக்கும் கிராமத்து ரோட்டுக்கும் குடிதண்ணீருக்கும் போகவேண்டும். ஒவ்வொரு ஷிப்டுக்கும் பஸ் விடவேண்டும். பெரம்பலூருக்கு ரயில் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலையில் காண்டிராக்டு முறை ஒழிந்து நிரந்தர வேலையும், வயலில் வயிறு நிரம்பும் கூலியும் வேண்டும்.

இவற்றைத் தனித்தனியாக யாரும் வாங்கிவிட முடியாது. இதுதான் காண்டிராக்டருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம். ரோடு கெட்டால் அவர் ஒருவராகவே கடைக்குப் போய் வேறு காருடன் திரும்பலாம். நாம் ஒருவராகப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவோம். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் லாரி டிரைவரும் சேர்ந்து போகவேண்டும். லாரியை மறிக்கும் கிராமத்தானும் அந்த லாரியை ஓட்டும் டிரைவரும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் வரை லாபம் கம்பெனிக்குத்தான்.

அன்று காலையில் கேள்வி கேட்ட தொழிலாளி டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. எதிரே கல் லாரி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அவர் ஓரமாக இறங்கி நின்று, லாரி போன பிறகு மறுபடி ஏறி மிதித்தார். தினமும் இரண்டு தடவை அவர் இப்படி இறங்கி நிற்கிறார். எத்தனை நாளைக்கு இறங்கி நிற்பது, தோழர்களே?